அடி வால்வு: திறந்த கையும் திறக்கவிட்ட ஏற்பாடும்

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இல்லியோபோலிஸ் என்ற சிறிய ஊரில் இருந்த பீ.வீ.சி. பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஐந்து தொழிலாளர்களின் உயிரைப் பறித்த வெடிப்பு நிகழ்ந்தது. மேலும் மூவர் படுகாயமடைந்தனர். எரிந்த பிளாஸ்ரிக்கின் புகை ஊருக்குள் பரவியதால் மக்களை இரண்டு நாட்கள் வீடுகளை விட்டு வெளியேறியிருக்கச் சொன்னார்கள். இவ்வளவும் தொடங்கிய இடம் ஒரு தாக்கக் கலனின் அடியில் இருந்த வால்வு. கலனில் உள்ளதை வடித்தெடுப்பதற்காக வைக்கப்பட்ட, நாளாந்தம் திறந்து மூடப்படுகின்ற ஒரு வால்வு.

இந்த விபத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையை நான் வாசிக்கத் தொடங்கியதற்குக் காரணம் பரந்தன். உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1980களின் நடுப்பகுதியில் யுத்தத்தால் நின்றுபோனது. கண்டி வீதியால் போகிறவர்களுக்கு அதன் இடிபாடுகள் நீண்டகாலம் ஒரு அடையாளமாகவே இருந்தன. அங்கே மீண்டும் இரசாயனத் தொழில் வரும் என்ற பேச்சு அண்மைய ஆண்டுகளில் மேடைகளிலும் அறிவிப்புகளிலும் அடிபடுகிறது. எத்தனை பேருக்கு வேலை, எத்தனை ஏக்கர் காணி, எவ்வளவு முதலீடு என்று எல்லோரும் கேட்கிறோம். அந்த வேலைக்குப் போகப்போகிற பிள்ளை எந்த வால்வுக்கு முன்னால் நிற்கப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் ஊடகக் கற்கை படித்தவன். இரசாயனவியல் எனக்குப் பாடசாலையோடு முடிந்த பாடம். ஆகவே அந்த அறிக்கையை விளங்கிக்கொள்வதற்கு முதலில் தாக்கக் கலன் என்றால் என்ன, அதன் அடியில் இருக்கும் வால்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்று படிக்க வேண்டியிருந்தது. படித்ததை அதே ஒழுங்கில் இங்கே தருகிறேன்.

ஏன் கண்ணாடி?

மருந்தின் மூலப்பொருள் எதுவாக இருந்தாலும், அது ஆய்வுகூடத்து மேசையிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரே பாய்ச்சலில் போவதில்லை. இடையில் ஒரு படி உண்டு. பத்து, இருபது, ஐம்பது, நூறு லீற்றர் கொள்ளக்கூடிய கண்ணாடிக் கலன்களில் அதைச் செய்து பார்ப்பார்கள். கலனுக்கு இரட்டைச் சுவர். வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் இடையே சூடான அல்லது குளிரான எண்ணெய் ஓடும். மேலே கலக்கியின் தண்டும், பொருட்களை இடும் வாய்களும், ஆவியை ஒடுக்கித் திருப்பும் குழாயும் இருக்கும். அடியில் ஒரு கழுத்து, அந்தக் கழுத்தில் வால்வு. இதைவிடப் பெரிய அளவுகளுக்கு, உட்புறம் கண்ணாடி பூசிய உருக்குக் கலன்களைப் பயன்படுத்துவார்கள். அவை பல ஆயிரம் லீற்றர் வரை போகும்.

கண்ணாடியைத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள். உருக்கை அரிக்கும் அமிலங்களில் மிகப் பெரும்பாலானவை கண்ணாடியை ஒன்றும் செய்வதில்லை. ஐதரோபுளோரிக் அமிலம், சூடான பொஸ்போரிக் அமிலம், சூடான செறிந்த காரங்கள் போன்ற சிலவே அதை அரிக்கும். பரந்தனில் செய்த கோஸ்ரிக் சோடா அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. இரண்டாவது காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். நிறம் மாறுவது, நுரை எழுவது, பளிங்கு விழுவது, எண்ணெய்ப் படையும் நீர்ப் படையும் பிரிவது எல்லாம் தெரியும்.

இது வீட்டுக் குவளைக் கண்ணாடி அல்ல. போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி என்ற வகை. ஒரு மீற்றர் நீளமான போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியை 100 பாகை சூடாக்கினால் அது ஏறத்தாழ 0.33 மில்லிமீற்றர்தான் நீளும். சாதாரணக் கண்ணாடி அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீளும். கொதிநீர் விட்டதும் சாதாரணக் குவளை வெடிப்பதும் ஆய்வுகூடக் குடுவை தாங்குவதும் இதனால்தான்.

ஆனால் கண்ணாடியில் கண்ணாடியை உரசி வால்வு செய்தால் அது இறுகிப்போகும், கசியும். பாடசாலை ஆய்வுகூடத்தில் அளவியின் கண்ணாடித் திருகு இறுகி, அதைத் திருப்பப் பாடுபட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். ஆகவே வால்வின் உள்ளுறுப்புகளுக்கு வேறொரு பொருள் தேவைப்பட்டது.

அந்தப் பொருள் கிடைத்த கதையும் ஒரு வால்வில்தான் தொடங்குகிறது. 1938 ஏப்ரல் 6ஆம் திகதி, அமெரிக்காவின் டுபொண்ட் நிறுவனத்தில் ரோய் பிளங்கெற் என்ற இளம் இரசாயனவியலாளர் குளிரூட்டி வாயு தொடர்பான பரிசோதனைக்காக ஒரு சிலிண்டரின் வால்வைத் திறந்தார். வாயு வரவில்லை. நிறுத்துப் பார்த்தால் சிலிண்டரின் நிறை குறையவில்லை. வெட்டித் திறந்தபோது உள்ளே வெள்ளைத் தூள் இருந்தது. நாங்கள் ரெஃப்லோன் என்று அறிந்த பொருள் அதுதான். ஒட்டாத தாச்சியின் பூச்சும், குழாய் பொருத்துபவர் புரியில் சுற்றும் வெள்ளை நாடாவும் அதே பொருள். அமிலமும் கரைப்பானும் அதை அண்டுவதில்லை, அது எதிலும் ஒட்டுவதுமில்லை. கண்ணாடிக் கலன்களின் அடி வால்வுகளில் கண்ணாடியைத் தொடும் பகுதி இன்று பெரும்பாலும் இதனால்தான் செய்யப்படுகிறது.

ரெஃப்லோனுக்கும் ஒரு குறை உண்டு. சூடேறினால் அது போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியைப் போல முப்பது மடங்குக்கு மேல் விரியும். அழுத்திப் பிடித்தால் நாளடைவில் மெதுவாக ஒதுங்கிக் கொடுக்கும். குளிரில் இறுக்கமாக இருந்த பொருத்து, பல தடவை சூடேறி ஆறிய பின் தளரலாம். தளர்ந்துவிட்டதே என்று ஒரே பக்கத்து ஆணியைப் பலங்கொண்டு இறுக்கினால் கண்ணாடி வெடிக்கும். ஆகவே எதிரெதிர் ஆணிகளை மாறி மாறி, அளவுகோல் உள்ள சாவியால், குறித்த விசைக்கு மேல் போகாமல் இறுக்க வேண்டும். வால்வுக்குக் கீழே தொங்கும் குழாயின் பாரமும் கண்ணாடிக் கழுத்தில் இறங்கக்கூடாது. அதைத் தாங்குவதற்கு வேறு தாங்கி வேண்டும்.

கழுத்தில் தேங்கும் ஒரு பேணி

அடி வால்வைப் பொருத்துவதில் உள்ள முதல் சிக்கல், அதை எங்கே பொருத்துவது என்பது. கலனின் அடியிலிருந்து ஒரு கழுத்து இறங்கி, அதன் முடிவில் வால்வு இருந்தால், கழுத்துக்குள் இருக்கும் திரவத்துக்குக் கலக்கியின் சுழற்சி எட்டாது. எண்ணெயின் சூடும் சரியாகப் போகாது. மேலே தாக்கம் நடந்து முடிந்திருக்கும். கழுத்துக்குள் இருப்பது போட்டபடியே கிடக்கும்.

அது எவ்வளவு இருக்கும்? 5 சென்ரிமீற்றர் அகலமும் 10 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள கழுத்தில் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் கொள்ளும். 20 லீற்றர் கலனில் அது நூற்றுக்கு ஒன்று. சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் பல நாடுகளின் மருந்து ஒழுங்குபடுத்தல் அமைப்புகள் பின்பற்றும் ஐ.சி.எச். வழிகாட்டலின்படி, ஒரு நாளைக்கு 2 கிராம் வரை உட்கொள்ளப்படும் மருந்தின் மூலப்பொருளில் பெயர் தெரியாத ஒரு மாசு 0.10 வீதத்தைத் தாண்டினாலே அது என்னவென்று கண்டறிய வேண்டும். நாளாந்த அளவு 1 மில்லிகிராமைத் தாண்டினாலும் அப்படித்தான். கழுத்தில் தேங்குவது முழுவதும் மருந்துக்குள் போய்விடுவதில்லை. பின்னால் சுத்திகரிப்புப் படிகள் இருக்கின்றன. என்றாலும், அந்தப் படிகளுக்கு முதல் நாளே ஒரு சுமை ஏற்றப்படுகிறது. ஒருமுறை ஒட்டியிருந்த மிச்சம் அடுத்த தொகுதிக்குள் கலந்தால், ஒரு மருந்தில் இன்னொரு மருந்து சேரும் ஆபத்தும் உண்டு.

பழைய வேலைத்தலங்களில் இதற்கு ஒரு கைவேலை இருந்தது. தாக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அடி வால்வைச் சற்றுத் திறந்து, கழுத்தில் இருப்பதை ஒரு பாத்திரத்தில் பிடித்து, மேல் வாயால் திரும்ப ஊற்றுவார்கள். நான் இதை வாசித்தபோது என் கண்ணில் பட்டது இரசாயனவியல் அல்ல. சூடான, எரியக்கூடிய, நஞ்சாக இருக்கக்கூடிய திரவத்தின் கீழே ஒரு மனிதர் பாத்திரத்தோடு குந்தியிருக்கிறார். வால்வின் வடிவமைப்பில் உள்ள ஒரு குறையை அவர் தன் உடம்பால் ஈடுசெய்கிறார்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததுதான் கலனின் தரையோடு தரையாக மூடும் அடி வால்வு. இதன் மூடி கழுத்தின் முடிவில் இருப்பதில்லை. ஒரு தண்டின் நுனியில் ஏறிவந்து, கலனின் உட்தரை மட்டத்திலேயே கண்ணாடியில் பதிந்து மூடும். மூடியிருக்கும்போது கழுத்துக்குள் திரவம் இறங்க இடமில்லை. திறக்கும்போது தண்டு கீழே இறங்கி வழிவிடும். சில வகைகளில் மூடி மேலே, கலனுக்குள் எழும்பும். அடியில் படிந்த பளிங்குப் படையை அது உடைத்துக்கொண்டு போகும். தண்டு அசையும் இடத்தால் கசியாமலிருக்க, ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிப்பு மடிப்பான ரெஃப்லோன் உறை தண்டைச் சுற்றியிருக்கும். சில வால்வுகளில் மூடியின் நுனிக்குள்ளேயே வெப்பநிலை உணரி இருக்கும். கலனில் கொஞ்சத் திரவமே இருந்தாலும் அதன் உண்மையான சூடு தெரியவரும்.

உருண்டை வால்வு மலிவானது, விரைவாகத் திறக்கும். ஆனால் உருண்டைக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடுக்கில் திரவம் அகப்படும். தண்ணீர்க் குழாயில் அது பிரச்சினை இல்லை. மருந்துக் கலனில் அது சுத்தம் செய்ய எட்டாத ஒரு மூலை.

திறக்கும் நேரம்

கலன் மூடியிருக்கும்வரை ஆபத்து உள்ளே இருக்கிறது. அடி வால்வு திறக்கும் கணத்தில் அது மனிதர் நிற்கும் மட்டத்துக்கு இறங்கி வருகிறது. திறப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில.

கலனுக்குள் அமுக்கம் இருக்கிறதா? கண்ணாடிக் கலன்கள் வெற்றிடத்தை நன்றாகத் தாங்கும், உள்ளிருந்து தள்ளும் அமுக்கத்தைக் கொஞ்சமே தாங்கும். கலன் எவ்வளவு அகலமோ தாங்கும் அளவு அவ்வளவு குறையும். உள்ளே வெற்றிடம் இருக்கும்போது அடி வால்வைத் திறந்தால் திரவம் கீழே வராது. காற்றுத்தான் மேலே பாயும். கரைப்பானின் ஆவியோடு காற்று சேர்ந்தால் தீப்பற்றக்கூடிய கலவை உருவாகும். ஆகவே முதலில் நைதரசன் வாயுவை விட்டு அமுக்கத்தைச் சமப்படுத்த வேண்டும்.

வழிந்தோடும் திரவம் எது? தொலுயீன், எப்தேன் போன்ற கரைப்பான்கள் மின்னைக் கடத்துவதில்லை. கண்ணாடியும் ரெஃப்லோனும் கடத்துவதில்லை. குழாயினூடாக விரைவாக ஓடும்போது திரவத்தில் நிலைமின் சேரும். சேர்ந்தது போக வழியில்லாமல் ஒரு பொறியாகப் பாயும். இதனால்தான் ஏந்தும் பாத்திரத்தை ஏர்த் செய்வதும், குழாயின் வாய் திரவத்துக்குள் அமிழும்வரை ஓட்டத்தைச் செக்கனுக்கு ஒரு மீற்றருக்கு மேல் போகவிடாததும் விதியாக இருக்கின்றன.

வால்வு அடைத்துக்கொண்டால்? அடியில் பளிங்கு இறுகி அடைப்பது அடிக்கடி நடக்கும். அவசரத்தில் கீழிருந்து கம்பியால் குத்தினால், அடைப்பு உடையும்போது முழுக் கலனும் குத்துபவர் மீது இறங்கும். மேலிருந்து பொருத்தமான கரைப்பானை விட்டு, மெதுவாகச் சூடாக்கி, கரைத்து இறக்குவதே முறை. அதற்கு நேரம் பிடிக்கும். நேரம் கொடுக்காத மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்பவர் கம்பியைத்தான் எடுப்பார்.

மின்சாரமோ காற்றமுக்கமோ நின்றுபோனால் வால்வு எந்த நிலைக்குப் போகும்? நல்ல தானியங்கி வால்வுகளுக்குள் ஒரு சுருள்வில் இருக்கும். விசை போனதும் அது தானாக மூடிவிடும். மின்வெட்டோடு வளர்ந்த எங்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

இத்தனையையும் படித்த பிறகு இல்லியோபோலிஸ் அறிக்கை வேறு மாதிரித் தெரிந்தது.

படிக்கட்டின் கீழே

அங்கிருந்தவை உள்ளே பார்க்கக்கூடிய கண்ணாடிக் கலன்கள் அல்ல. அமுக்கத்தைத் தாங்கும் பெரிய உருக்குக் கலன்கள். வைனைல் குளோரைட்டு என்ற, விரைவில் தீப்பற்றும் வாயுவை அமுக்கத்தில் வைத்து பீ.வீ.சி. செய்தார்கள். அத்தகைய 24 கலன்கள் நான்கு நான்காக, ஒரே சாயலில் அடுக்கப்பட்டிருந்தன. கலன்களின் தலைப்பகுதி மேல் மாடியில், அடி வால்வுகள் கீழ்த்தளத்தில்.

டி306 என்ற கலனைக் கழுவும் வேலை நடந்துகொண்டிருந்தது. கழுவிய நீரை வடிப்பதற்குக் கீழே இறங்கி அதன் அடி வால்வைத் திறக்க வேண்டும். கீழே இறங்கிய தொழிலாளர் தவறான பக்கம் திரும்பி, அதே சாயலில் அமைந்த இன்னொரு தொகுதிக்கு, டி310 என்ற கலனுக்குப் போயிருக்கக்கூடும் என்பது விசாரணையாளர்களின் முடிவு. டி310 நிறைந்து, சூடாக, அமுக்கத்தோடு தாக்கத்தில் இருந்தது.

அதன் அடி வால்வு திறக்கவில்லை. உள்ளே அமுக்கம் இருந்தால் திறக்கவிடாத பூட்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது தன் வேலையைச் செய்தது. ஆனால் அந்தப் பூட்டைத் தாண்டுவதற்கு ஒரு வழியும் பக்கத்திலேயே இருந்தது. அவசர நிலையில் ஒரு கலனில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றுவதற்காக வைத்த காற்றுக் குழாய் அது. அதை வால்வில் கொழுவினால் பூட்டை மீறித் திறக்கலாம். தான் நிற்பது கழுவிய கலனின் முன்னால் என்று நம்புபவருக்கு, திறக்காத வால்வு பழுதடைந்த வால்வாகத்தான் தெரியும். குழாய் கொழுவப்பட்டது. வால்வு திறந்தது. தளம் முழுவதும் ஆவி பரவியது. அங்கிருந்தவர்கள் ஓடுவதற்குப் பதிலாகக் கசிவைக் கட்டுப்படுத்த முயன்றார்கள். சில நிமிடங்களில் அது வெடித்தது.

விசாரணை கேட்ட கேள்வி

இதை ஒரு வரியில் முடித்திருக்கலாம்: தொழிலாளி தவறான வால்வைத் திறந்தார். அந்த ஒரு வரியோடு கோப்பை மூடும் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. விசாரணை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊர்களில் சனம் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. ஆணைக்குழுக்களின் முன்னால் எத்தனை தடவை ஒரே கதையைச் சொல்லியிருக்கிறோம்!

இல்லியோபோலிஸை விசாரித்தது அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு மற்றும் விபத்து விசாரணைச் சபை. அதற்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம் இல்லை. காரணத்தைக் கண்டறிவதும் பரிந்துரைப்பதும் பகிரங்கப்படுத்துவதும்தான் அதன் வேலை. 2007இல் வெளிவந்த அதன் அறிக்கை, வால்வைத் திறந்த கையோடு நிற்கவில்லை. மனிதர் தவறக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து அதற்கேற்ப ஏற்பாடு செய்யாததே அடிப்படைக் காரணம் என்று, தொழிற்சாலையின் முந்தைய உரிமையாளரையும் அப்போதைய உரிமையாளரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

அதன் கேள்விகள் எளிமையானவை. கீழ்த்தளத்தில் நிற்பவருக்குத் தன் முன்னால் உள்ள கலன் தாக்கத்தில் இருக்கிறதா, வெறுமையா என்று காட்ட அங்கே என்ன இருந்தது? எதுவும் இல்லை. மேலே இருப்பவரோடு பேசிச் சரிபார்க்க வழி இருந்ததா? கீழே வானொலிக் கருவி இல்லை. பூட்டை மீறும் குழாய் யாருடைய அனுமதியும் இல்லாமல் கொழுவக்கூடியதாக ஏன் இருந்தது? இதே மாதிரியான தவறு முன்பு நடந்ததா? நடந்தது. அதே நிறுவனத்தின் லூசியானா மாநிலத் தொழிற்சாலையில் 2003இலும், இல்லியோபோலிஸிலேயே 2004 பெப்ரவரியிலும் ஓடிக்கொண்டிருந்த கலனின் அடி வால்வு தவறுதலாகத் திறக்கப்பட்டிருந்தது. அவற்றிலிருந்து கற்றுக்கொண்டதை ஏப்ரலுக்குள் செயலாக்கவில்லை.

முதல் கேள்வியை வன்னியில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மிதிவெடி இருக்கும் நிலம் எதுவென்று கொழும்பில் ஒரு அலுவலகத்து வரைபடத்தில் குறித்திருந்தால் விறகு பொறுக்கப் போகும் பெண்ணுக்கு அதனால் பயனில்லை. சிவப்புப் பலகையும் தடியும் அவர் கால் வைக்கும் வரம்பில் நிற்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் மண்டையோட்டுப் படம் விளங்க வேண்டும். அவர் களைத்திருப்பார், அவசரத்தில் இருப்பார், பொழுது பட்டிருக்கும் என்று நினைத்துத்தான் அந்தப் பலகை வைக்கப்படுகிறது. யாரும் அவரைப் பார்த்து, நீ கவனமாக நடந்திருக்க வேண்டும் என்று சொல்லித் தப்ப முடியாது. இல்லியோபோலிஸின் கீழ்த்தளத்தில் இல்லாமல் போனது அந்தப் பலகைதான்.

நாங்கள் கேட்க வேண்டியவை

வடக்கில் தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. யுத்தத்தில் எல்லாம் இழந்து, பதினைந்து வருடத்துக்கும் மேலாகக் கூலி வேலையோடும் கடனோடும் இழுபடும் குடும்பங்களுக்கு நிரந்தரச் சம்பளம் தேவை. பரந்தன் தொழிற்சாலையில் ஒருகாலம் வேலை செய்தவர்கள் அந்த நாட்களைப் பெருமையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வேலை இல்லாத இடத்தில் எந்த நிபந்தனைக்கும் ஆள் கிடைக்கும் என்பதை முதலீட்டாளர்களும் அறிவார்கள். கேள்வி கேட்பதற்கு ஏற்ற காலம் அடிக்கல் நாட்டுவதற்கு முன்புதான்.

வடித்தது எங்கே போகிறது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு பெரிய விடயம்தான். ஆனால் அது கிணறு கெட்ட பிறகு வந்தது. தெற்கில் ரத்துபஸ்வலவில் குடிநீர் மாசடைந்ததை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் மீது 2013 ஓகஸ்ற் 1ஆம் திகதி இராணுவம் சுட்டதில் மூவர் இறந்தார்கள். காலம் கடந்து கேட்கும் கேள்விக்கு இந்த நாட்டில் என்ன விலை என்பதைச் சிங்கள மக்களும் அறிவார்கள்.

நேரத்தோடு கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டம் ஒன்றின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் தரப்பட வேண்டும். தொழிற்சாலையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் கேட்டுப் பெற முயலலாம். பிரதேச செயலகத்துக்குக் காணிப் பிரச்சினையோடு போய்வரும் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இந்தக் கடிதத்தையும் எழுதலாம்.

கடிதத்தில் எதைக் கேட்பது? இரசாயனவியல் பட்டம் தேவைப்படாத கேள்விகள் சிலவற்றைத் தருகிறேன். வடிக்கப்படும் திரவம் எங்கே சேரும், சிந்தினால் அதைப் பிடிக்கும் தொட்டி எவ்வளவு கொள்ளும்? மின்சாரம் நின்றால் வால்வுகள் தானாக மூடுமா? வால்வின் முன்னால் நிற்பவருக்குக் கலனுக்குள் இருப்பது என்னவென்று அந்த இடத்திலேயே தெரியுமா, அது தமிழில் எழுதப்பட்டிருக்குமா? பாதுகாப்புப் பூட்டை மீற யாருடைய கையெழுத்து வேண்டும்? கசிவு வந்தால் நிற்பதா ஓடுவதா என்று தொழிலாளர்களுக்கு ஒத்திகை காட்டப்படுமா, ஊருக்கு யார் அறிவிப்பார்? விபத்தாகாமல் தப்பிய தவறுகளைப் பதிவுசெய்யும் புத்தகம் இருக்கிறதா, அதைத் தொழிலாளர்கள் பார்க்கலாமா?

கடைசிக் கேள்வி எனக்கு மிக முக்கியமானது. 2004 பெப்ரவரியில் இல்லியோபோலிஸில் ஒருவர் தவறான வால்வைத் திறந்து தப்பினார். அந்தத் தப்பித்தலை எல்லோருக்கும் சொல்லி, அந்தக் காற்றுக் குழாயை அன்றே பூட்டி வைத்திருந்தால், ஏப்ரல் 23ஆம் திகதி இரவு அந்த ஐவரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.